மைக் காசிம் பாய் பேசாமல் திரும்பிய தெரு

போன செவ்வாய்க்கிழமை காலை இட்லியில் கை வைத்திருந்தேன். எங்கள் கட்சி வாட்ஸப் குழுவில் யாரோ ஒருவர் "மைக் காசிம் பாய் காலமானார்" என்று போட்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்குள் அதற்குக் கீழே கும்பிட்ட கைகள் வரிசைகட்டி நின்றன. பத்தாவது நிமிடம், என் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் முருகையன் இரங்கல் பேனரே தயார் செய்து அனுப்பிவிட்டார். என் படம் ஆள் உயரத்துக்கு, பாய் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு. "அடிக்கக் குடுத்துடவா தலைவரே?" என்று கேட்டார். "யோவ், ஒரு எழுத்து வெளிய போகக் கூடாது. நான் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். பாய் வீட்டு வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மருமகன் ஜாகிர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாங்கண்ணே. அப்புறம் எந்திரிக்கவே இல்ல" என்றார். உள்ளே போய் முகத்தைப் பார்த்தேன். வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் முருகையனுக்குப் போன் செய்தேன்.

பாயைத் தெரிந்தவர்களுக்கு அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று நாற்பது வருடத்துக்கு மேல் காரைக்கால் மாவட்டத்தைச் சுற்றி வந்த குரல் அது. நாளைக்குக் குடிநீர் வராது, மின்சாரம் இருக்காது, புயல் வருகிறது, கடலுக்குப் போகாதீர்கள், பொதுக்கூட்டம், தர்கா கந்தூரி, கும்பாபிஷேகம், சாவு, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் படிப்பார். நான் சட்டமன்றத்துக்கு இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றவன். தோற்றாலும் தலைவர்தான். ஒரு தரம் தலைவர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் நம் ஊரில் யாரும் அதைத் திருப்பி வாங்குவதில்லை.

என் தமிழைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும், மறைத்து என்ன ஆகப்போகிறது? பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் வைத்த பேனர்களைப் படம் பிடித்து ஆசிரியர்கள் தங்களுக்குள் அனுப்பிச் சிரித்த காலம் உண்டு. எங்கள் மாநிலத் தலைவருக்கு வைத்த வரவேற்புப் பேனரில் அவர் பெயரையே தப்பாக அடித்திருந்தேன், அவர் அதன் கீழேயே நின்று மாலை வாங்கிக்கொண்டார். அவரும் கவனிக்கவில்லை. யாராவது சுட்டிக்காட்டினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "தப்பு இருந்தாத்தான்யா நாலு பேரு நின்னு படிக்கிறான்" என்பேன். மேடையில் இன்னும் மோசம். கை தட்டுகிறார்கள் என்றால் வாயில் வந்ததெல்லாம் வரும்.

பாயிடம் ஒரு வழக்கம் இருந்தது. அறிவிப்பு எழுதிக் கொடுத்தவர் முதல் தெருவுக்கு ஆட்டோவில் கூட வரவேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவருக்குப் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார வேண்டும். ஒரு தெரு முடிந்ததும் இறக்கிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். முதல் தரம் எனக்கு இது விளையாட்டாகத்தான் பட்டது. எங்கள் ஊர் உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்தைக் கண்டித்து ஒரு ஆர்ப்பாட்டம். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் அதிகாரியைப் பற்றி இரண்டு வரி காரமாக எழுதிக் கொடுத்திருந்தேன். பாய் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. மைக்கைப் போட்டு நிதானமாக, எழுதியிருந்தது எழுதியிருந்தபடி படித்தார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தது பாயை இல்லை, என்னை. அடுத்த வீட்டிலும் அப்படித்தான். நாலாவது வீடு வருவதற்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது. "பாய், அந்த ரெண்டு வரிய விட்டுடுங்க" என்றேன். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "நல்லாத்தானே எழுதியிருந்தீங்க தலைவரே? நானும் ஏத்த எறக்கத்தோடதானே படிச்சேன்?" என்று கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

இன்னொரு சம்பவமும் பலருக்கு நினைவிருக்கும். வெளியூரிலிருந்து வந்த பெரிய தலைவர் ஒருவர் நம் ஊர் மேடையில், முதல்நாள் நாகப்பட்டினத்தில் படித்த காகிதத்தையே எடுத்துப் பிரித்துவிட்டார். "நாகை மாவட்டப் பெருங்குடி மக்களே" என்று ஆரம்பித்து, தமிழ்நாட்டு அரசு உங்களுக்கு இதைச் செய்யவில்லை, அதைச் செய்யவில்லை என்று முழங்குகிறார். நாம் புதுச்சேரி மாநிலத்துக்காரர்கள் என்பது பாவம் அவருக்கு யார் சொல்வது? மேடையில் இருந்த நாங்கள் எல்லாரும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மைக் செத்துப்போனது. பாய் திருப்புளியோடு மேடை ஏறி, வயரைக் குடைகிற மாதிரி குனிந்து, "அய்யா, இது காரைக்கால்" என்று மட்டும் சொன்னார். தலைவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் மனதிலிருந்து பேசிய பத்து நிமிடம் நன்றாகவே இருந்தது.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாயும் சொல்லவில்லை.

ஏழெட்டு வருடம் இருக்கும். ஒரு நாள் முற்பகலில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வளைகுடாவில் கட்டட வேலையில் விபத்து, காரைக்கால் பக்கத்தைச் சேர்ந்த செந்தில்குமார் பலி. அவ்வளவுதான், வேறு விவரம் இல்லை. விழிதியூரில் ஒரு செந்தில்குமார் வெளிநாடு போயிருப்பது எனக்குத் தெரியும். வாக்காளர் பட்டியல் போனிலேயே இருந்தது. பெயரைத் தட்டினேன், தகப்பனார் பெயரும் வீட்டு எண்ணும் வந்து விழுந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு ஆள் என்றால் பட்டியலில் இருக்கிற ஒரு வரிதான். அந்த ஊரில் அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை, ஆகவே செத்தது அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். எதிர்க்கட்சிக்காரர் முந்திவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம். முகநூலிலிருந்து அவர் படத்தை எடுத்துப் பேனருக்குக் கொடுக்கச் சொன்னேன். "விழிதியூரின் செல்லப்பிள்ளை செந்தில்குமார் அகால மரணம், உடலைத் தாயகம் கொண்டுவர உடனடி நடவடிக்கை" என்று எழுதிக்கொண்டு பாயின் மைக்செட் கடைக்கு ஓடினேன்.

பாய் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குச் சேதி தெரியுமா தலைவரே?" என்றார்.

"தெரியாம இருக்குமா பாய்?"

"நீங்க பேசுனீங்களா?"

"படிக்கச் சொன்னா படிங்க பாய். அவனுவ முந்திடுவானுவ."

"சரி, ஏறுங்க. சாவுன்னா முதல் தெரு அவங்க தெருதான்" என்றார்.

ஆட்டோ விழிதியூருக்குள் நுழைந்தது. வயல்களைத் தாண்டி அந்தத் தெருவுக்குத் திரும்பியதும் மைக்கை எடுப்பார் என்று பார்த்தால், எடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டார். "வாசல்ல கோலம் இருக்கு" என்றார். "காலையில போட்டிருப்பாங்க, சேதி இப்பத்தானே வந்துச்சு, போடுங்க பாய்" என்று நான் பறந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் பின்னாலேயே போனேன். அடுத்த வீட்டு வேலியோரம் நின்றுவிட்டேன்.

கதவு திறந்திருந்தது. ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தார். அவர்தான் செந்தில்குமாரின் மனைவி வளர்மதி. கையில் போன், முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க பாய். என்ன இந்தப் பக்கம்?"

பாய் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். பிறகு, "தாகமா இருக்கும்மா, கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

போனிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "யாரு வளரு வந்திருக்கா?"

"மைக் பாய்ங்க. தண்ணி கேக்குறாரு."

"வெயில்ல வந்திருப்பாரு, மோரா குடு வளரு."

வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தேன். இறந்துபோனவர் மோர் கொடுக்கச் சொல்கிறார்! இரவு வேலை முடித்து அறைக்கு வந்து மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறார். நான் எழுதிய காகிதம் பாயின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் மட்டும் என் பேச்சைக் கேட்டுத் தெருமுனையிலேயே மைக்கைப் போட்டிருந்தால்? அந்தச் சிரித்த முகம் அப்படியே கீழே விழுந்திருக்கும். வளர்மதிக்குப் பின்னால் கட்டிலில் செந்தில்குமாரின் தாயார் உட்கார்ந்திருந்தார், நெஞ்சுவலிக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் கிழவி தாங்கியிருப்பாரா? கடவுளே, நான் செய்ய இருந்தது என்ன!

பாய் மோரைக் குடித்துவிட்டு, "மாப்ள முகத்தைக் காட்டும்மா, பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றார். போனை வாங்கிப் பார்த்தார். "நல்லா இருங்க" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. நாற்பது வருடம் ஊரைக் கட்டி மேய்த்த குரல் அது. திரும்பி வந்து வண்டியைத் திருப்பினார். அந்தத் தெருவிலும் சரி, அடுத்த தெருவிலும் சரி, வாய் திறக்கவில்லை. சாலைக்கு வந்து ஒரு மரத்தடியில் நிறுத்தி, இறங்கி, வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பேனர் கடைக்குப் போன் போட்டு, "நிறுத்து, நிறுத்து, கிழிச்சுப் போடு" என்று அலறினேன். நல்லவேளை, இன்னும் அடிக்கவில்லை. பாரம் இறங்கியதில் நான் சிரித்தே விட்டேன். பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சிரிக்காதீங்க தலைவரே. இந்தச் சேதி நம்மளுக்குத்தான் பொய். எங்கயோ ஒரு வீட்டுல இது நெசம்."

அது உண்மைதான். இறந்த செந்தில்குமார் வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுநாள் தெரிந்தது. பாய் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "எழுத்துத் தப்பா இருந்தா ஊரு சிரிச்சுட்டுப் போயிடும். ஆளு தப்பாப் போனா என்ன செய்வீங்க?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் வந்த தேர்தலில் நான் நின்றேன். பாய் எதிரணி வேட்பாளருக்கும் படித்தார். அங்கே அவர் அதைச் சொல்லிவிட்டால்? உயிரோடிருந்தவனைச் சாகடிக்கப் பார்த்தவன் இவன் என்று ஒரு வரி போதும், வைப்புத்தொகை கூட மிஞ்சாது. ஒரு நாள் அவர் கடைக்கே போய், "பாய், அந்த விழிதியூர் சமாச்சாரம்..." என்று இழுத்தேன். "எந்தச் சமாச்சாரம்?" என்றார், வயரைச் சுற்றிக்கொண்டே. நடிப்பு இல்லை. அவரைப் பொறுத்தவரை அது என்னுடைய சமாச்சாரம், அவர் தொட மாட்டார். எதிரணிக்காரர் என்னைப் பற்றிக் கேவலமாக எழுதிக் கொடுத்த நோட்டீஸையும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் படித்திருக்கிறார். முதல் தெரு முடிவதற்குள் எழுதியவரே அந்த வரியை அடித்துவிட்டாராம். இதை எனக்குச் சொன்னது அந்த எதிரணிக்காரர்தான், அதுவும் பாய் வீட்டுச் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே.

நான் மட்டும் பயந்துகொண்டே இருந்தேன். விழிதியூருக்கு ஓட்டுக் கேட்கப் போனால் அந்த வீட்டு வாசலில் கும்பிடு போட்டுவிட்டு, வளர்மதி வாய் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். சொன்னால் என்ன ஆகுமோ என்று முழுங்கிவிடுவேன்.

பாய் வீட்டு வாசலில் அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொல்லியிருந்தார்கள். விழிதியூரிலிருந்து அந்தத் தம்பதி வந்து இறங்கினார்கள். செந்தில்குமார் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து இப்போது சொந்த நிலத்தைப் பார்க்கிறார். வளர்மதி உள்ளே போய்ப் பாயின் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்தார். ஓரமாக நின்ற பாயின் ஆட்டோவைத் தொட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க ஊருப் பக்கம் வந்தா எங்க வீட்டு மோரு குடிக்காம போக மாட்டாருங்கண்ணே. என் வீட்டுக்காரரப் பாத்துட்டா போதும், கையைப் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டாரு. எதுக்கு அவ்வளவு பாசம்னே எங்களுக்குத் தெரியல."

எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அதைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் வாயை மூடிக்கொண்டால் பாயோடு அதுவும் மண்ணுக்குள் போய்விடும், எனக்கு அதுதான் வசதி. ஆனால் அந்தப் பெண் காரணம் தெரியாமலே காலத்துக்கும் அவரை நினைத்துக்கொண்டிருப்பார். அது எனக்குப் பொறுக்கவில்லை. "நான் சொல்றேம்மா" என்றேன். ஆட்டோ பக்கத்தில் நின்றபடியே வாட்ஸப் செய்தி, வாக்காளர் பட்டியல், காகிதம், வேலியோரம் நான் நின்றது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் வாழ்நாளில் கைதட்டல் எதிர்பார்க்காமல் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

வளர்மதியின் முகம் சிவந்தது. "எத்தனை தேர்தலுக்கு வாசல்ல வந்து நின்னு கும்புட்டீங்க? அப்பல்லாம் வாய் வரலையா உங்களுக்கு? எங்க அத்தை அன்னிக்குக் கேட்டிருந்தா அங்கயே உசுரு போயிருக்கும் தெரியுமா? நீங்கல்லாம் என்னத்த எழுதுறீங்க, என்னத்த பேசுறீங்க!" என்று பொரிந்து தள்ளினார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். பாய் திட்டாததையும் சேர்த்து அவர் திட்டினார். திட்டத் திட்ட எனக்கு மூச்சு சீராகிக்கொண்டே வந்தது. பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாமியானாவில் உட்கார்ந்திருந்த புருஷனைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வாங்க. உங்களச் சாகடிச்சவரு இவருதானாம்."

வளர்மதி நடந்ததைச் சொல்ல, செந்தில்குமாருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சாவு வீடு என்பதையும் மறந்து கெக்கலித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கி, பாய் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். வெயிலில் வந்த கை, சூடாக இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவே இல்லை.

காசிம் பாயைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர் வாசலுக்குப் போகாமல் எதையும் வெளியே விடுவதில்லை. என் எழுத்தில் இன்னும் பிழை இருக்கிறது, அதை அச்சகத்தார் பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பக்கங்களை நேற்று விழிதியூருக்கு எடுத்துப் போய் அந்த வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். செந்தில்குமாரின் தாயார் கட்டிலில் படுத்தபடி கேட்டார். வளர்மதி இரண்டு இடத்தில் மூக்கைச் சிந்தினார். முடித்துவிட்டு, "பேரைப் போடலாமா தம்பி?" என்று செந்தில்குமாரிடம் கேட்டேன்.

"தாராளமாப் போடுங்கண்ணே" என்றார். "ஆனா இந்தத் தடவை உயிரோட போடுங்க."